பச்சை எழுத்து போட்ட சாமான்கள்

என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அறுபதைத் தாண்டியபின் காலையில் போன் அடித்தால் செய்தி இரண்டில் ஒன்றுதான். யாரோ வழுக்கி விழுந்திருப்பார்கள், இல்லாவிட்டால் யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் என் மகன் வீட்டில் இரண்டாவது காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது வந்த அழைப்பு இரண்டிலும் சேரவில்லை. டென்மார்க்கிலிருந்து என் தங்கச்சி மகள் பேசினாள். தங்கச்சி என்றால் என் கூடப் பிறந்தவள் அல்ல. சித்தப்பா மகள், எடப்பாடியில் இருக்கிறாள். அவளுடைய ஒரே பெண்தான் டென்மார்க்கில் காற்றாலைக் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாளாம். கேமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சுவரெல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தொட்டாலே சாய்ந்துவிடும் போல ஒரு அலமாரி.

"இதுக்கெல்லாம் சேர்த்து இந்த ஊர்ல என்ன பேரு தெரியுமுங்களா பெரியம்மா? மேபல்."

"மேபல்லா?"

"அப்படி இல்லீங்க. விசிலடிக்கற மாதிரி வாயைக் குவிச்சுக்கிட்டு 'மே' சொல்லோணும்."

சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று அப்போதுதான் எழுந்து பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் பேத்தி நுரையோடு சிரித்தாள். கிழவிக்கு இந்த வயதில் டேனிஷ் பாடம்.

சாயங்காலம் அவள் போகும் மொழி வகுப்பில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொடுத்தார்களாம். டென்மார்க்குக்காரன் அதை ஜெர்மன்காரனிடம் வாங்கினான். ஜெர்மன்காரன் பிரெஞ்சுக்காரனிடம் வாங்கினான். பிரெஞ்சுக்காரனுக்கு அது லத்தீனிலிருந்து வந்த வீட்டுச் சொத்து. லத்தீனில் அதற்கு நகரக்கூடியது என்று பொருளாம். ருஷ்யாவில் மெபெல், துருக்கியில் மொபில்யா, எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"உங்க கையில இருக்கற மொபைல் கூட அதுக்கு ஒறம்பரைதானுங்க பெரியம்மா. எங்க தாத்தா ஓட்டுன லாரியில மோட்டாரு இருந்துச்சில்ல, அதுவும் தூரத்துச் சொந்தம்."

எனக்கு இது புதிதாகப் படவில்லை. சேலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்தவள் நான். பாகப்பிரிவினையோ உயிலோ எதுவானாலும் அசையாச் சொத்து ஒரு பக்கம், அசையும் சொத்து மறுபக்கம். பழைய பத்திரங்களில் ஸ்தாவரம், ஜங்கமம் என்று போட்டிருக்கும். வீடும் நிலமும் கிணறும் ஸ்தாவரம். கட்டில், பீரோ, அண்டா, குண்டா, ஆடு, மாடு ஜங்கமம். லத்தீன்காரனுக்கும் நமக்கும் கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாது. ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறோம். நகருவது எது, நகராதது எது என்று தீர்மானிக்காமல் எந்த ஊரிலும் குடும்பம் நடக்காது போலிருக்கிறது.

இதைத்தான் அவளிடம் சொல்லப் போனேன். அதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"சொல்லுக்கு ஒறம்பரை பார்த்தாச்சு, இனி உங்க ஒறம்பரைய வரைஞ்சுட்டு வாங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அப்பா பக்கம் மடமடன்னு எழுதிட்டேன். அம்மாவைப் பெத்த பாட்டிகிட்ட வந்து நின்னுட்டேனுங்க. அம்மாகிட்டக் கேட்டா போனை வெச்சுருது. அவங்க எந்த ஊருங்க பெரியம்மா? உசிரோட இருக்காங்களா?"

காபி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"பொறவு சொல்றேன் சாமி" என்றேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் 'பொறவு' அது. இனியும் தள்ளிப்போட எனக்கு ஆயுசு இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களில் யாராவது ஒருவராவது சின்ன வயதில் இப்படி ஒன்றைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பீர்கள்.

*

எங்கள் ஊர் எடப்பாடியிலிருந்து நடந்தால் அரை மணி. தாத்தாவும் பாட்டியும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். வீட்டுக்குப் பெரியவர் அப்பாதான். சித்தப்பா அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவர், லாரி ஓட்டினார். அப்பாவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அடுத்தவன் காட்டில் விழுந்த மாங்காயைக்கூடப் பொறுக்க மாட்டார் என்பார்கள். பொய்யில்லை, நிஜமாகவே பொறுக்க மாட்டார்.

எனக்கு ஏழு வயதில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்னம்மா ஜேடர்பாளையத்துக்காரி. எங்கள் பக்கம் பெண் தனியாக வருவதில்லை, சாமான்களோடுதான் வருவாள். தேக்குக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, மர அலமாரி, இழுப்பறை வைத்த மேசை, இரண்டு நாற்காலி, பாத்திரம் பண்டம் எல்லாம் லாரியில் வந்து இறங்கின. அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது கயிற்றுக் கட்டிலும் தகரப் பெட்டியும்தான். அந்தப் பீரோக் கண்ணாடியில்தான் என் முழங்காலையும் முகத்தையும் முதல்முறையாக ஒன்றாகப் பார்த்தேன். அழுக்கு முழங்கால்.

ஒவ்வொரு சாமானிலும் சின்னம்மா வீட்டு எழுத்து இரண்டு இருந்தது. டம்ளரில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். மரச்சாமானுக்குப் பின்பக்கம், ஆள் கண்ணில் படாத இடத்தில், பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். எதற்கு என்று அம்மாவைக் கேட்டேன்.

"நாளைக்கு ஒண்ணுன்னா எது யாருதுன்னு கொழப்பம் வரக்கூடாதில்ல" என்றாள் அம்மா.

கல்யாண மாலை வாடும் முன்பே 'நாளைக்கு ஒண்ணு'க்கும் தயாராக இருப்பது எங்கள் ஜனங்களின் சமர்த்து.

சின்னம்மா எனக்கு அந்த மேசையின் கடைசி இழுப்பறையைக் கொடுத்தாள். "இது உன்றது. நான் தொறக்க மாட்டேன், நீயும் மத்ததைத் தொறக்கப்படாது" என்றாள். புளியங்கொட்டை, உடைந்த வளையல், சிகரெட் பெட்டி ஜிகினா, ஒரு சைக்கிள் மணி மூடி, எல்லாவற்றையும் அதில் வைத்தேன். இழுத்தால் தேக்கும் அந்துருண்டையும் கலந்து ஒரு வாசம் வரும். நான் கண்ணாடி முன் நின்றுகொண்டே இருப்பேன். "போதும் நகருடி, கண்ணாடி தேஞ்சு போயிரும்" என்பாள். அந்த வீட்டில் என்னோடு விளையாட்டாகப் பேசிய பெரிய ஆள் அவள் ஒருத்திதான்.

பாப்பா பிறந்தது, அந்த எடப்பாடித் தங்கச்சிதான். மூன்றாம் மாதம் சின்னம்மா பிறந்த வீட்டிலிருந்து வந்தபோது தொட்டிலும் கூட வந்தது. தொட்டிலின் அடிப்பலகையிலும் அதே இரண்டு எழுத்து.

*

நான் சொல்ல வந்தது எனக்கு ஒன்பது வயதான அந்த ஆடியும் ஆவணியும். பாப்பாவுக்கு ஒன்றரை வயது.

சித்தப்பா லாரியை விட்டு இறங்கினால் குடிப்பார். குடித்தால் அடிப்பார். அந்த அறையில் கட்டில் சுவரில் இடிக்கும் சத்தம் கேட்கும். அம்மா எழுந்து ரேடியோவைக் கூட்டி வைப்பாள். அப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார். அவர்கள் இருவரையும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. தம்பி பெண்டாட்டி விஷயத்தில் தலையிடுவது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். அந்த மரியாதையால்தான் சின்னம்மா செத்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் ஒரு காலை, தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், ஏர் ஓட்ட வந்த ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா அவளைக் கன்னத்தில் அறைந்தார். அவள் கையில் பித்தளைச் செம்பு இருந்தது. திருப்பி வீசினாள். சித்தப்பாவின் புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அதற்கு முன் அவர் அடித்ததெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை. அவள் அடித்த ஒன்று ஊர்ச் சமாச்சாரம் ஆகிவிட்டது. புருஷனை அடித்தவள். எடப்பாடிச் சந்தை வரைக்கும் பேச்சு போயிற்று.

ஆவணியில் எங்கள் வாசலில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். சின்னம்மாவுக்கு அப்பா இல்லை. அவளுடைய அண்ணன் வந்திருந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருந்த சாதுவான மனிதர். சேர்த்து வைக்க முடியாது என்று ஆனபிறகு அப்பா பேசினார்.

"சீரா வந்தது ஒரு குண்டூசி பாக்கியில்லாமத் திரும்பிப் போயிரோணும். நாளைக்கு எங்க ஊட்டைப் பார்த்து யாரும் ஒரு சொல்லுச் சொல்லப்படாது."

பெரியவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். சின்னம்மா கதவோரம் நின்றிருந்தாள். பெண்கள் பேசாத இடத்தில் பேசினாள்.

"சாமான் எனக்கு எதுவுமே வேண்டாமுங்க பெரிய மாமா. அத்தனையும் இங்கியே கெடக்கட்டும். என்ற புள்ளைய மட்டும் குடுத்துருங்க."

"சாமான் உங்க ஊட்டுது, அதை வெச்சுக்க எங்களுக்கு உரிமையில்லை. புள்ளை எங்க ஊட்டுது. புருசன் மண்டைய ஒடைச்ச கையில பொட்டப்புள்ளைய வளர்க்கக் குடுக்கறது ஞாயமில்லம்மா."

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. நியாயம் பேசுகிறோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அண்ணன் எழுந்து கும்பிட்டார். பெற்றவளுக்குப் பிள்ளையைக் காட்டாமல் இருப்பது பாவம் என்று மன்றாடினார். கடைசியில் ஒன்று கிடைத்தது. மாதத்துக்கு ஒருநாள், அமாவாசையன்று, சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பகல் முழுக்கப் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகலாம். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு பகல்தான்.

*

சாமான் ஏற்றிய நாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. அண்ணன் வாடகை லாரியும் இரண்டு சுமைக்காரர்களும் கொண்டு வந்திருந்தார். அப்பா சீர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எழுத்து இருக்குதா பாரு."

"இருக்குதுங்க."

"ஏத்து."

கட்டில் ஏறியது. பீரோ ஏறியது, அதன் கண்ணாடியில் எங்கள் வேப்பமரம் ஒருமுறை சாய்ந்து போயிற்று. மேசையும் என் இழுப்பறையோடு ஏறியது. கேட்டிருந்தால் எடுத்துக்கொள்ள விட்டிருப்பார்கள், எனக்கு வாய் வரவில்லை. ஒரு சுமைக்காரர் முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா கவிழ்த்துப் பார்த்தார். எழுத்து இல்லை.

"இது நம்முளது. எறக்கு."

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்து இருந்தால் சின்னம்மாவோடு போகும். இல்லாவிட்டால் இங்கே இருக்கும். இதில் கோபமோ தாபமோ இல்லை, அப்பா கவிழ்த்துப் பார்த்துத்தான் சொல்கிறார். பாப்பா சின்னம்மாவிடமிருந்து வந்தவள், அது ஊருக்கே தெரியும். எழுத்துப் போட மட்டும் யாரோ மறந்துவிட்டார்கள். பெரியவர்களின் கவனக்குறைவு, வேறென்ன.

மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு. உறவு முறிந்தாலும் சோறு போடாமல் அனுப்பக் கூடாது என்பார் அப்பா. வேப்பமரத்தடியில் இலை போட்டிருந்தார்கள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சின்னம்மா கிணற்றடியில் போய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கினால் திரும்ப விடமுடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாப்பா உள்ளறையில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவின் லாரிக் கொட்டகையில் பெயிண்டர் விட்டுப் போன பச்சை எனாமல் டப்பா இருந்தது. ஈர்க்குச்சியின் முனையில் துணி சுற்றினேன். பாப்பாவின் சட்டையை மேலே சுருட்டிவிட்டு, முதுகில், தோள்பட்டைக்கு நடுவில், அந்த இரண்டு எழுத்தையும் எழுதினேன். சில்லென்று பட்டதும் உடம்பைச் சிலிர்த்தாள், எழுந்திருக்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருந்தது என்று சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

லாரியில் ஏறப் பலகை சாய்த்திருந்தார்கள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். கட்டிலின் மேல் மெத்தை விரித்துக் கிடந்தது. அலமாரிக்கும் பீரோவுக்கும் இடையில் அந்த மெத்தையில் குப்புறப் படுக்கவைத்தேன், எழுத்து மேலே தெரிகிற மாதிரி. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். யாராவது வந்து பார்த்தால் எழுத்து இருக்கிறது என்று சொல்வார்கள், அவ்வளவுதான் என் எண்ணம்.

யாரும் பார்க்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்ததும் அவசரமாகக் கடைசிக் கூடைகளை ஏற்றித் தார்ப்பாய் போட்டார்கள். சின்னம்மா கிளம்பும்போது வாசலில் தயங்கினாள்.

"ஒருக்காப் பார்த்துட்டுப் போறனுங்க."

"தூங்கற புள்ளைய எழுப்ப வேண்டாம்மா. அழுதா ரெண்டு பேருக்கும் செரமம். அமாவாசைக்குத்தான் வரப்போறியே" என்றார் அப்பா.

அவள் அண்ணனோடு முன்னால் ஏறிக்கொண்டாள். நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். சிரித்தது நான் மட்டும்தான். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தான் போவதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்திருப்பாள்.

*

அரை மணி கழித்து அம்மாவின் அலறல் கேட்டது. அப்பாவும் சித்தப்பாவும் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். சங்ககிரி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் லாரி நின்றிருந்தது. அங்கே நடந்ததை ஒரு சுமைக்காரர் பின்னால் டீக்கடையில் சொல்லி ஊருக்குத் தெரிந்தது. தார்ப்பாயைத் தூக்கியபோது பாப்பா மெத்தையில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாளாம். சின்னம்மா அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாளாம்.

அந்தச் சிரிப்பை அவர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். "சிரிக்கறா பாருண்ணா, எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கறா" என்றார் சித்தப்பா. எதிர்பாராமல் பிள்ளையைக் கண்ட தாய் வேறு என்ன செய்வாள் என்று அந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் தோன்றவில்லை.

பாப்பாவைக் கொண்டு வந்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் முதுகைத் தேய்த்தார்கள். பச்சை போகப்போகத் தோல் சிவந்தது. அவள் கத்திய கத்தல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ஒன்றுமே கேட்காமல், அதே துணியால் என் நகக்கண்களைத் துடைத்தாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிவரை அவளும் வாய் திறக்கவில்லை.

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் அடித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். மடியில் உட்கார வைத்துக்கொண்டு தலையைத் தடவினார்.

"பயப்படாதே சாமி. அது உன்ற கையெழுத்தாட்டந்தான் இருந்துச்சு. உன்ற சின்னம்மா சொல்லிக் குடுத்தாளா?"

பக்கத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார், புருவத்தில் தழும்போடு. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இதுதான். இதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். எழுத்துப் போட்டது குழந்தைத்தனம், அதை எந்தச் சாமியும் மன்னிக்கும். தலையை ஆட்டியது குழந்தைத்தனம் இல்லை. தப்பிக்கத்தான் ஆட்டுகிறேன் என்று தெரிந்தே ஆட்டினேன்.

அடுத்த நாள் அண்ணன் ஓடி வந்தார். "எந்தங்கச்சிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, சத்தியமுங்க" என்று அழுதார்.

"எம்மக பொய் சொல்ல மாட்டா" என்றார் அப்பா.

அமாவாசைப் பகல் ரத்தாயிற்று. பிள்ளை திருடியவளை வாசல்படி ஏற்றக் கூடாது என்று முடிவானது. அப்படியும் மூன்று அமாவாசைக்குச் சின்னம்மா பஸ்ஸில் வந்து, எங்கள் தெரு முனையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். என்னை வெளியே விடவில்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பையை மட்டும் பார்த்தேன். நாலாவது அமாவாசைக்கு அவள் வரவில்லை.

கட்டில் இருந்த இடத்தில் நாலு கால் பதிந்த குழி இருந்தது. சாணி போட்டு மெழுகினாலும் அடுத்த வாரம் தெரியும். தை மாதம் சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் நடந்தது. புதுக் கட்டில், புதுப் பீரோ வந்தன. இந்த முறை எழுத்து சிவப்புப் பெயிண்டில் இருந்தது.

*

இருபத்தைந்து வயதில் ஒருமுறை, ஆபீஸ்காரர்களோடு ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் போனேன். மற்றவர்கள் மீன் வறுவலுக்கு வரிசையில் நின்றபோது நான் விசாரித்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. சீர் சாமானெல்லாம் ஒரு கொட்டகையில், இறக்கிய வாக்கிலேயே, தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அவள் பாயில்தான் படுக்கிறாளாம். என் இழுப்பறையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவில்லை.

என்னைப் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"புள்ள எத்தனாவது படிக்கறா?"

"பன்னெண்டாவதுங்க சின்னம்மா."

"முதுகுல அந்த எடம் புண்ணாயிருச்சா?"

"இல்லீங்க. ஆறிப்போச்சு. தழும்பு இல்ல."

பித்தளை டம்ளரில் மோர் கொடுத்தாள். என் தலையில் கை வைத்தாள்.

"நீதான் எழுதியிருப்பேன்னு எனக்குத் தெரியும் சாமி. அன்னிக்கு அங்க அத்தன பெரிய மனுசங்க நின்னாங்க. எம்புள்ள எங்கூட வரோணும்னு நெனச்சது நீ ஒருத்திதான்."

நான் தலையை ஆட்டிய விஷயம் அவளுக்குத் தெரியாது, அண்ணன் அவளிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். மோரைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த மோரின் புளிப்பு இன்றைக்கும் எனக்கு எந்த மோரிலும் வருகிறது.

தங்கச்சியிடமும் சொல்லவில்லை. சீர் சாமானை ஒரு கரண்டி விடாமல் ஏற்றிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காமல் போனவள் என்றுதான் அவளிடம் சொல்லி வளர்த்தார்கள். அவளும் அந்தக் கோபத்தைச் சோறு மாதிரி தின்று வளர்ந்தாள். அப்பா சாகும் வரை, யாருடைய பொருளுக்கும் ஆசைப்பட்டதில்லை, சீரை அப்படியே திருப்பிக் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா போனபிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு அம்மா போனபிறகு என்று ஆயிற்று. பிறகு சித்தப்பா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னம்மாவே போய்விட்டாள். தங்கச்சிக்கும் சாவுச் செய்தி சொல்லித் தாக்கல் வந்தது. "அவங்க எனக்கு யாருங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாளாம். நான் யாருக்கும் சொல்லாமல் போய்விட்டு வந்தேன்.

*

டென்மார்க்குப் பெண் கேட்ட மூன்றாம் நாள் எடப்பாடிக்குப் பஸ் ஏறினேன். எங்கோ ஒரு சொல்லின் பெற்றோரை நாடு நாடாகத் தேடிப் பிடித்துவிட்டார்கள். தங்கச்சியைப் பெற்றவள் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தாள். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தங்கச்சி முன்னறையில் உட்கார்ந்து தறியிலிருந்து வந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஐம்பத்தாறு ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து, உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். எழுத்தைச் சொன்னேன், சின்னம்மாவின் சிரிப்பைச் சொன்னேன், தலையாட்டியதைச் சொன்னேன். மூன்று அமாவாசையையும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் ஒரு டஜன் சேர்ந்தது, கயிறு போட்டுக் கட்டினாள்.

"எழவுக்கு நீங்க போனீங்களாக்கா?"

"போனேன்."

"கொள்ளி யாரு வெச்சாங்க?"

"அவங்கண்ணன் மகன்."

அடுத்த துண்டை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெய்ப்பந்தம் புடிக்கப் பேரன் பேத்தி யாராச்சும் இருந்தாங்களா?"

பேரப்பிள்ளைகள் பிணத்தைச் சுற்றி நின்று பிடிக்கிற பந்தம். அன்றைக்கு அந்த வாசலில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. பந்தத்தைக் கட்டி வைத்துவிட்டு, பிடிக்க ஆளில்லாமல் ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

"இல்ல சாமி. யாரும் இல்ல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரும்பி, உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"எம்புள்ள அன்னிக்கு லீவுல வந்து இங்கதானுங்க இருந்தா. அந்த ரூம்புல தூங்கிட்டிருந்தா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுப்பிக் கூட்டிட்டு வந்திருப்பனே."